சின்ன நகரத்தில் வாடகைக்குப் போகலாமா?

ஜனவரி 9, கேள்வி

பெருநகரத்தில் இருக்கிறோம். என் வேலையை இனி வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஆகிவிட்டது. மனைவி இப்போதைய வேலையை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும், அங்கே போய்ப் புதிதாகத் தேட வேண்டும். மகளுக்கு 11 வயது. பார்த்து வைத்திருக்கும் சின்ன நகரத்தில் வாடகை இங்கே கொடுப்பதில் பாதிகூட இல்லை. சொந்தக்காரர்கள் "போவதென்றால் வாங்கிக்கொண்டு போ, வாடகைக்குப் போய் என்ன கண்டாய்" என்கிறார்கள். வாடகை பாதி என்றால் கண்ணை மூடிக்கொண்டு போய்விட வேண்டியதுதானே? எதை யோசிக்காமல் விடுகிறேன்?

ஜனவரி 9, இரவு

வாடகைக்குப் போங்கள், வாங்கிக்கொண்டு போகாதீர்கள். கண்ணை மட்டும் மூடாதீர்கள்.

நான் சின்ன நகரங்களில் வாடகைக்குக் குடியிருந்து பழகியவன். நடுவில் பெருநகரத்துக்குத் திரும்பிப் போய், மறுபடி வேறொரு சின்ன நகரத்துக்கு வந்து, இப்போதும் இங்கேதான் இருக்கிறேன். எனக்குப் புரிந்தவரை சின்ன நகரத்தில் எல்லாமே ஒன்று இருக்கும், இரண்டாவதுதான் இருக்காது. நல்ல பள்ளி இருக்கும். அது பிள்ளைக்கு ஒத்துவரவில்லை என்றால் அடுத்த பள்ளி இருக்காது, அல்லது பெயருக்கு இருக்கும். பல் மருத்துவர் இருப்பார். அவர் ஊருக்குப் போயிருந்தால் அவர் திரும்பி வரும்வரை பல்லும் காத்திருக்க வேண்டும். உங்களுக்குப் பிடித்த மாதிரி ஒரு வீடு இருக்கும், அதன் சொந்தக்காரரோடு உங்களுக்கு ஆகாமல் போனால் அதே மாதிரி இன்னொன்று காலியாக வேண்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆகவே "அங்கே மருத்துவமனை இருக்கிறதா, பள்ளி இருக்கிறதா" என்று கேட்காதீர்கள், இருக்கும். முதலாவது கைவிட்டால் எது எதற்கு இரண்டாவது இல்லாமல் உங்களால் சமாளிக்க முடியாது, அதைக் கணக்குப் போடுங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அந்தப் பட்டியல் வேறு.

ஜனவரி 10

வாடகைக் கணக்கு. "வாடகை பாதி" என்ற வரி எல்லாரையும் ஏமாற்றும், ஏனென்றால் அது உண்மை.

வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வாடகைக்குப் போகக் கூடாது என்று ஒரு விதி ஊரெல்லாம் சுற்றுகிறது. அது ஏதோ இயற்கை விதி இல்லை. அமெரிக்காவில் அரசுக் குடியிருப்புகளில் இருப்பவர்களிடம் வருமானத்தில் இவ்வளவுக்கு மேல் வாடகை வாங்கக் கூடாது என்று 1969-இல் 25 சதவீதமாக வைத்தார்கள், 1981-இல் அதை 30 ஆக்கினார்கள். அதுதான் உலகம் முழுக்கப் பொதுப்புத்தி ஆகிவிட்டது. சம்பளம் அதிகமானால் 40 சதவீதம் கொடுத்துவிட்டும் நிம்மதியாக இருக்கலாம். குறைவானால் 20 கொடுத்தாலும் மூச்சு முட்டும்.

நீங்கள் பார்க்க வேண்டியது வாடகை போக என்ன மிஞ்சுகிறது என்பதைத்தான். உங்கள் சம்பளம் மாறாது என்று இப்போது சொல்கிறார்களா, எழுத்தில் கொடுத்தார்களா? இடத்தைப் பொறுத்துச் சம்பளத்தைத் திருத்தும் நிறுவனங்கள் இருக்கின்றன. மனைவியின் வருமானம் போகிறது. ஆக வாடகை பாதி, ஆனால் சம்பளம் இரண்டிலிருந்து ஒன்று. கழித்துப் பாருங்கள். நிறையப் பேருக்கு இங்கேயே கணக்கு முடிந்துவிடும்.

இணையம், செல்போன், தொலைவிலிருந்து வரவழைக்கும் பொருட்கள், சந்தாக்கள் எல்லாம் எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒரே விலைதான். சின்ன நகரத்தில் மலிவாகக் கிடைப்பது முக்கியமாக இடமும் ஆள் உழைப்பும்தான். உங்கள் செலவில் இந்த இரண்டும் எவ்வளவு என்று பிரித்தால் மொத்த மிச்சம் தெரிந்துவிடும்.

ஜனவரி 10, கொஞ்ச நேரம் கழித்து

சொந்தக்காரர்கள் சொன்ன "வாங்கிக்கொண்டு போ" விஷயத்தைத் தொடவே இல்லை.

வீட்டின் விலையை ஒரு வருட வாடகையால் வகுத்துப் பாருங்கள். 15-க்குக் கீழே வந்தால் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம், 20-க்கு மேலே போனால் வாடகைதான் புத்திசாலித்தனம் என்று பொதுவாகச் சொல்வார்கள். தோராய அளவுகோல்தான். வட்டி விகிதம் மாறினால் இதுவும் மாறும்.

ஆனால் சின்ன நகரத்தில் இந்த வகுத்தல் கணக்கு பாதிக் கதைதான் சொல்லும். 12 வந்தாலும் நான் முதல் வருடம் வாங்க மாட்டேன். அங்கே வாங்குவது சுலபம், விற்பது கஷ்டம். வாங்க வருகிறவர்கள் கொஞ்சம் பேர், அவர்களுக்கும் உங்களுக்கு அவசரம் என்பது முன்பே தெரிந்திருக்கும். வாடகையில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது திரும்பி வரும் உரிமையை. "என்ன கண்டாய்" என்று கேட்டால் அதைச் சொல்லுங்கள்.

ஜனவரி 12

மனைவியின் வேலை பற்றித் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். இதில்தான் எனக்குப் பயம்.

லூயிஸ் பெட்டன்கோர்ட், ஜெஃப்ரி வெஸ்ட் முதலான ஆய்வாளர்கள் 2007-இல் நகரங்களின் அளவையும் மற்ற விஷயங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நகரத்தின் மக்கள்தொகை இரட்டிப்பானால் தலைக்குக் கிடைக்கும் சம்பளம் சுமார் 9 சதவீதம் கூடுகிறது என்பது அவர்கள் கண்டது. சரி, உங்கள் பெருநகரத்துக்கும் அந்த ஊருக்கும் நடுவில் எத்தனை இரட்டிப்பு? 10 மடங்கு வித்தியாசம் என்றால் மூன்றுக்கு மேல். சராசரிக் கணக்குதான், ஒரு தனி ஆளுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிகிறது.

சம்பளம் குறைவதுகூடப் பரவாயில்லை. ஒரு துறைக்கு ஊரில் ஒரே முதலாளி என்றால் பேரம் பேச வழி கிடையாது. பொருளாதாரத்தில் ஜோன் ராபின்சன் 1933-இலேயே இந்த நிலைமையை அலசியிருக்கிறார்: ஒரே ஒரு விற்பவர் இருந்தால் விலையை ஏற்றுவார், ஒரே ஒரு முதலாளி இருந்தால் கூலியை அமுக்குவார். என் மனைவி இங்கே ஒரு இடத்தில் வேலை பார்த்தாள். மேலதிகாரியோடு ஒத்துப்போகவில்லை. பெருநகரமாக இருந்தால் அடுத்த மாதமே வேறு இடம் பார்த்திருப்பாள். இங்கே அதே துறையில் இன்னொரு அலுவலகம் இருந்தது, அதன் நிர்வாகி அந்த மேலதிகாரியின் மைத்துனர். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள், பிறகு தொலைவேலைக்கு மாறினாள்.

நல்ல பக்கமும் உண்டு. 1973-இல் மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் ஒன்றைக் காட்டினார்: தெரிந்தவர்கள் மூலம் வேலை கிடைத்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்தச் செய்தியைச் சொன்னது நெருங்கிய நண்பர் இல்லை, எப்போதாவது பார்க்கிற ஆள். சின்ன நகரத்தில் இந்த "எப்போதாவது பார்க்கிற ஆள்" சீக்கிரம் சேர்ந்துவிடுவார். பள்ளி வாசலில் நிற்கும்போதே பாதி ஊர் பழக்கமாகிவிடும். விளம்பரத்தில் வராத வேலைகள் அங்கேதான் காதில் விழும். ஆனால் அதற்கு முதலில் அங்கே போய் நிற்க வேண்டும், இங்கிருந்து தேடினால் ஒன்றும் அகப்படாது.

ஜனவரி 12, இரவு

அதே 1933-இல்தான் ஜெர்மன் புவியியலாளர் வால்டர் கிறிஸ்டாலர் என் "இரண்டாவது இருக்காது" சமாசாரத்தை ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறார். ஒரு கடையோ சேவையோ பிழைக்க இத்தனை வாடிக்கையாளர்களாவது வேண்டும் என்று ஒரு அளவு. அதற்காக மக்கள் எவ்வளவு தூரம் வருவார்கள் என்று இன்னொரு அளவு. அன்றாடம் தேவைப்படுவது எல்லா ஊரிலும் இருக்கும், எப்போதாவது தேவைப்படுவது பெரிய ஊரில் மட்டும் இருக்கும். நான் சொந்தமாகக் கண்டுபிடித்ததாக நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். போகட்டும்.

ஜனவரி 15

வீடு பார்ப்பது எப்படி என்று கேட்டதற்கு.

இணையத்தில் வரும் படங்களை நம்பி ஒப்பந்தம் போடாதீர்கள். சின்ன நகரத்தில் நல்ல வீடுகள் பெரும்பாலும் இணையத்துக்கே வருவதில்லை, காலியாகும் முன்பே வாய்வழியாகக் கைமாறிவிடும். இணையத்தில் ரொம்ப நாள் கிடக்கும் வீட்டுக்கு ஏதோ ஒரு காரணம் இருக்கும். கொஞ்ச நாள் தங்கும் விடுதியில் இருந்துகொண்டு, வேண்டிய தெருக்களில் நடந்து, கடைகளில் சொல்லி வைத்துத் தேடுங்கள். தரகர் இருந்தாலும் இதைச் செய்யுங்கள்.

வீட்டைப் பகலில் ஒரு முறையும் இருட்டிய பிறகு ஒரு முறையும் பாருங்கள். பகலில் சுவரைப் பாருங்கள். புதிதாகப் பூசிய வெள்ளைச் சுவரில் தரையிலிருந்து முழங்கால் உயரம்வரை மட்டும் நிறம் கொஞ்சம் மாறியிருந்தால், புறங்கையை வைத்துப் பாருங்கள். மேல்பகுதியை விடக் குளிர்ந்திருந்தால் ஈரம் ஏறுகிறது. பூச்சு வேலை உங்களுக்காகச் செய்யப்பட்டது. அலமாரிக் கதவைத் திறந்து உள்ளே முகர்ந்து பாருங்கள், சுவருக்குப் பூசுகிறவர்கள் அலமாரியை மறந்துவிடுவார்கள். குளியலறைக் குழாயையும் சமையலறைக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து விடுங்கள். பின்னறையில், கதவைச் சாத்திக்கொண்டு, செல்போனில் யாரையாவது கூப்பிட்டு முழுதாக ஒரு பேச்சு பேசுங்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவருக்குச் சமையலறையை விட இது முக்கியம்.

இருட்டிய பிறகு வாசலில் சும்மா நில்லுங்கள். சின்ன நகரம் என்றால் அமைதி என்று ஒரு எண்ணம். எனக்கு வாய்த்த முதல் வீட்டுக்குப் பின்னால் ஒரு மரப்பட்டறை. பகலில் நான் போன நாள் அவர்களுக்கு விடுமுறை போலிருக்கிறது. பெருநகரத்துச் சத்தம் ஒரே சீராக இருக்கும், காது பழகிவிடும். இங்கே அமைதிக்கு நடுவில் திடீரென்று ரம்பம் ஓடும். அதற்குக் காது பழகவே பழகாது.

ஜனவரி 16

வீட்டுக்காரர் அதே கட்டடத்தில் இருந்தால் நல்லதா கெட்டதா? அவரைப் பொறுத்தது. குழாய் ஒழுகினால் பத்து நிமிடத்தில் வந்துவிடுவார். நீங்கள் எத்தனை மணிக்கு விளக்கை அணைக்கிறீர்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

சின்ன நகரத்தில் வாடகைக்கு இருப்பவரை எல்லாருக்கும் அடையாளம் தெரியும், "அந்த வீட்டில் புதிதாக வந்திருக்கிறார்களே" என்பதுதான் முதல் சில காலம் உங்கள் பெயர். என்னைக் கொஞ்ச நாள் காணவில்லை என்றதும் மருந்துக்கடைக்காரர் "உடம்பு பரவாயில்லையா" என்று கேட்டார். நெகிழ்ந்துபோனேன். நான் அங்கே வாங்கிய மருந்து என்ன என்பது அடுத்த தெருவில் தெரிந்திருக்கிறது என்று கேள்விப்பட்டபோது நெகிழ்ச்சி குறைந்தது. இரண்டும் ஒரே ஆள், ஒரே குணம். ஒன்று மட்டும் வேண்டும் என்றால் கிடைக்காது.

ஜனவரி 21

10-ஆம் தேதி எழுதிய கணக்கில் பயணத்தைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் இரண்டு பக்கமும் மாறுகிறது.

முதலில் இலாபம். அலோயிஸ் ஸ்டட்சர், புருனோ ஃபிரே என்ற பொருளாதார அறிஞர்கள் ஜெர்மனித் தரவுகளை வைத்து 2008-இல் ஒன்றைக் காட்டினார்கள். வேலைக்குப் போக அதிக நேரம் பயணம் செய்கிறவர்கள் அதற்கு ஈடாக நல்ல சம்பளமோ மலிவான வீடோ பெற்றுத் திருப்தியாக இருக்க வேண்டும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. நடப்பில் அவர்கள் வாழ்க்கைத் திருப்தி குறைவாகவே இருந்தது. பயணத்தின் விலையை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். உங்கள் தினசரிப் பயணம் பூஜ்யம் ஆகப் போகிறது என்றால் அது நிஜமான வரவு.

இனி செலவு. மனிதர்கள் எங்கே இருந்தாலும் ஒரு நாளில் பயணத்துக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் ஒதுக்குகிறார்கள் என்று போக்குவரத்து ஆய்வாளர் யாக்கோவ் ஸஹாவி கவனித்ததை வைத்து, இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994-இல் ஒரு கட்டுரை எழுதினார். வேகம் கூடினால் நேரம் மிச்சமாவதில்லை, தூரம் கூடுகிறது. என் அனுபவமும் அதேதான். தினமும் மிச்சமான நேரம் தனித்தனித் துண்டாக இருந்ததால் அது போன இடம் தெரியவில்லை. செலவானது மட்டும் மொத்தமாக வந்து நிற்கும்: சிறப்பு மருத்துவரைப் பார்க்க ஒரு முழு நாள், நேரில் வரச் சொன்ன அலுவலகக் கூட்டத்துக்கு ஒன்றரை நாள், உறவில் கல்யாணம் என்றால் வாரக்கடைசி முழுவதும். பெருநகரத்துக்குக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு, காலையில் முதல் வண்டி எத்தனை மணிக்கு என்று பாருங்கள். ஒரே நாளில் போய்த் திரும்ப முடியாத ஊர் என்றால் ஒவ்வொரு முறையும் தங்கும் செலவு சேரும். வாடகையில் மிச்சமானதில் ஒரு பங்கு அங்கே போகும்.

காரே இல்லாமல் இருந்த குடும்பத்துக்கு இங்கே ஒன்று தேவைப்படலாம். அதுவும் அந்தக் கணக்கில் வர வேண்டியது.

ஜனவரி 22

இன்னொரு செலவு, யாரும் சொல்ல மாட்டார்கள். பெரிய வீடு, தோட்டம், அமைதி என்று படம் போட்டீர்களோ, பெருநகர நண்பர்கள் எல்லாம் விடுமுறைக்கு உங்கள் வீட்டுக்கு வருவார்கள். "உனக்கென்னப்பா, கொடுத்து வைத்தவன்" என்று சொல்லிக்கொண்டே போர்வை கேட்பார்கள். ஒரு அறை குறைவாக எடுங்கள்.

பிப்ரவரி 2

மகளைப் பற்றி எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். பிள்ளைகள் எங்கே போனாலும் பழகிவிடுவார்கள் என்பது பெரியவர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது சரி. 11 வயதில் தோழிகள்தான் ஊர்.

அவளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளியைப் பாருங்கள், ஆனால் பள்ளி நேரத்தில். வகுப்பறைக் கட்டடத்தை யாரும் காட்டுவார்கள். இடைவேளையில் பிள்ளைகள் எப்படி நிற்கிறார்கள், புதிதாக வந்தவள் என்று எட்டிப் பார்க்கிறார்களா என்பதை அவளே கவனித்துச் சொல்லிவிடுவாள். வருடத்தின் நடுவில் சேர்க்காதீர்கள். நடுவில் வந்தவள் கூட்டாளி சேர்ந்த பிறகு வந்தவள் ஆகிவிடுவாள். அவளுக்கு இசை, விளையாட்டு என்று ஏதாவது ஒன்றில் தீவிரம் இருக்கிறதா? இருந்தால் உங்கள் பட்டியலில் முதல் வரி அதுதான். அடுத்த படிக்குச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர் சின்ன நகரத்தில் பெரும்பாலும் இருக்க மாட்டார்.

பிப்ரவரி 3

இந்த "இரண்டாவது" விஷயத்தை நேற்று இரவு மறுபடி யோசித்தேன். கொஞ்சம் பயமுறுத்திவிட்டேனோ என்று தோன்றியது.

பெருநகரத்தில் இருந்தபோது எத்தனையோ மருத்துவர்கள் இருந்தார்கள். நான் போனது ஒரே ஒருவரிடம். எத்தனையோ நூலகங்கள், ஒன்றில்கூட உறுப்பினராக இல்லை. நாடகம், கண்காட்சி எல்லாம் நடந்துகொண்டே இருந்தன, நான் சாலை நெரிசலில் நின்றுகொண்டு அவற்றின் சுவரொட்டிகளைப் படித்தேன். தினசரி வாழ்க்கையில் மனிதன் எதிலும் ஒன்றைத்தான் பயன்படுத்துகிறான். முதலாவது உடையும் நாளில்தான் இரண்டாவது வேண்டும். ஆகவே உங்கள் வாழ்க்கையில் இப்போது எது ஆட்டம் காண்கிறது என்று பாருங்கள். வீட்டில் யாருக்காவது தொடர் சிகிச்சையா, உங்கள் நிறுவனம் ஆட்டம் காண்கிறதா, மனைவி துறை மாறும் யோசனையில் இருக்கிறாரா? அதற்கு மட்டும் இரண்டாவது தேவை. மற்றதெல்லாம் இருக்கிறது என்ற நினைப்புக்காகவே வைத்திருக்கிறோம்.

இன்னொன்று. டேவிட் ஷ்கேட், டேனியல் கானமன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1998-இல் அமெரிக்காவில் மாணவர்களிடம் கேட்டார்கள். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள்தான் அதிக மகிழ்ச்சியாக இருப்பார்கள் என்று அங்கே இருப்பவர்களும் நினைத்தார்கள், மத்திய மேற்கில் இருப்பவர்களும் நினைத்தார்கள். அளந்து பார்த்தால் இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே அளவு திருப்தி. ஊர்களை ஒப்பிடும்போது வித்தியாசமாக இருப்பதை மட்டும் பார்க்கிறோம், வெயிலும் காற்றும் பெரிதாகத் தெரிகின்றன. குடிபோன பிறகு காலையில் எழுந்து செய்வது அதே வேலை, பேசுவது அதே ஆட்களோடு. உங்கள் வீட்டில் இப்போது சண்டை நேரப் பற்றாக்குறையால் என்றால் ஊர் மாறினால் தீரும். வேறு காரணம் என்றால் அதையும் லாரியில் ஏற்றிக்கொண்டுதான் போவீர்கள்.

பிப்ரவரி 18

போய்ப் பார்த்துவிட்டு வந்ததாகவும், மகளுக்குப் பள்ளி பிடித்திருப்பதாகவும், மனைவிதான் யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் இன்னும் முடிவாகவில்லை. உங்கள் வேலை கையோடு வருகிறது, மகளுக்குப் பள்ளி காத்திருக்கிறது, எல்லாவற்றையும் விடப் போகிறவர் அவர் ஒருவர்தான். அவர் ஓட்டுக்கு எடை அதிகம்.

வழி இருக்கிறது. தன் வேலையில் சம்பளமில்லா விடுப்போ, பகுதி நேரத் தொலைவேலையோ கேட்டுப் பார்க்கட்டும். ராஜினாமா கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். கொடுத்தால் ஒரு பள்ளி ஆண்டு முழுவதும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். கொடுக்கவே மாட்டார்கள் என்றால், அங்கே அவர் துறையில் வேலை கொடுக்கும் இடங்களை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். ஒன்றுதான் வருகிறது என்றால் நான் உங்கள் இடத்தில் இந்த வருடம் போக மாட்டேன். வேறு சின்ன நகரம் பார்ப்பேன், அல்லது அதே மாதிரி ஊர்களில் கொஞ்சம் பெரியதாக ஒன்றை.

போவதென்று முடிவானால் ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைக் கவனியுங்கள். முன்கூட்டியே காலி செய்தால் என்ன பிடித்தம் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். வீட்டுக்காரராகக் காலி செய்யச் சொல்வதென்றால் எவ்வளவு அவகாசம் தருவார் என்பதும் எழுத்தில் இருக்கட்டும், முடிந்தால் பள்ளி ஆண்டு முடியும்வரை. "நம்ம ஊர்ல எழுதியெல்லாம் கேக்க மாட்டோம்" என்று சொல்லுவார்கள். சிரித்துக்கொண்டே பேனாவை நீட்டுங்கள். சாவி வாங்கும் அன்றே ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து அவருக்கும் அனுப்பிவிடுங்கள், அலமாரியின் உள்பக்கம் உட்பட.